பதினெட்டாயிரம் பவுண்டுக்கு ஒரு பென்ட்லி: பழைய கான்டினென்டல் ஜிடி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் இருந்துகொண்டு பழைய கார் விளம்பரங்களை மேய்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு, இன்றில்லாவிட்டால் நாளை இது கண்ணில் படும்: பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, 2005 மாடல், கறுப்பு, உள்ளே க்ரீம் நிறத் தோல் இருக்கை, 18,000 பவுண்டு. இதே கார் 2003-இல் புதிதாக வந்தபோது விலை சுமார் 1,10,000 பவுண்டு. ஆறு லிட்டர் இன்ஜின், பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு டர்போ, 552 குதிரைத்திறன், மணிக்கு 318 கிலோமீட்டர் வரை போகும். அதை ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மனசு அலைபாயத்தான் செய்யும்.

அலைபாயட்டும், தப்பில்லை. வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதன் பிரேக் டிஸ்க்கும், ஏர் சஸ்பென்ஷனும், மெக்கானிக்கின் மணிக்கூலியும் இன்னும் லட்சம் பவுண்டு காருக்கான கணக்கில்தான் இருக்கின்றன. யானை மலிவாகக் கிடைத்தாலும் தீனி யானைத் தீனிதான். அதனால் நீங்கள் தேட வேண்டியது மலிவான வண்டியை இல்லை, உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் தாராளமாகச் செலவழித்துப் பார்த்துக்கொண்ட வண்டியை. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இனி வருவது எல்லாம்.

முதலில்: எந்தக் காலத்து வண்டி?

ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 1998-இல் பென்ட்லியை வாங்கியபிறகு, க்ரூ நகரத் தொழிற்சாலையில் புதிதாக உருவாக்கிய முதல் மாடல் இந்த ஜிடிதான். 2003 முதல் 2011 வரை வந்தது முதல் தலைமுறை. அடியில் இருப்பது ஃபேட்டன் என்ற ஃபோக்ஸ்வேகன் சொகுசுக் காரின் அடித்தளம், டபிள்யூ12 என்ற அந்தப் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 2006-இல் கூரை திறக்கும் ஜிடிசி வந்தது, 2007-இல் 600 குதிரைத்திறன் கொண்ட ஜிடி ஸ்பீட். 2011-இல் இரண்டாம் தலைமுறை தொடங்கியது, 2012-இல் அதில் நான்கு லிட்டர் வி8 இன்ஜினும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்தன. மூன்றாம் தலைமுறை 2018-இல். அது இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டுக்கு எட்டாது, விடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பட்ஜெட் கொஞ்சம் நீளுமென்றால் 2012-க்குப் பிறகான வி8 தான் சரியான வண்டி. எடை குறைவு, எரிபொருள் குறைவாகக் குடிக்கும், சத்தமும் டபிள்யூ12-ஐவிட அழகு. ஆனால் அதற்கு முதல் தலைமுறையைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டிவரும். கையில் இருபதாயிரம்தான் இருக்கிறது, பென்ட்லி பெயரே வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை, நீண்ட தூரம் சொகுசாகப் போனால் போதும் என்பவர்கள், 2006 முதல் 2014 வரை வந்த ஜாகுவார் எக்ஸ்கே-யை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அலுமினிய உடல், டர்போ இல்லாத வி8, பராமரிப்புச் செலவு பாதியில் நிற்கும். அதை ஓட்டிய பிறகும் பென்ட்லிதான் வேண்டும் என்று தோன்றினால், சரி, மேலே படியுங்கள்.

இரண்டாவது: வாங்கும் முன்பே ஒரு வருடச் செலவை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பெட்ரோலில் தொடங்குவோம். முதல் தலைமுறை டபிள்யூ12 நூறு கிலோமீட்டருக்கு சுமார் 17 லிட்டர் குடிக்கும் என்பது நிறுவனக் கணக்கு. லண்டன் நெரிசலில் அது 25-ஐத் தாண்டும். டேங்க் கொள்ளளவு 90 லிட்டர், உயர்தரப் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். ஒருமுறை நிரப்ப நூறு பவுண்டுக்கு மேலே எவ்வளவு என்பதை அன்றைய பங்க் விலை சொல்லும்.

அடுத்தது சாலை வரி. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்கு வரி கரியமில வாயு அளவைப் பொறுத்தது, இந்த வண்டி அதில் உச்சிப் படியில் உட்கார வேண்டியது. ஆனால் 2006 மார்ச் 23-க்கு முன்னால் பதிவாகியிருந்தால் எவ்வளவு புகை விட்டாலும் வரி அட்டவணையில் கே என்ற பிரிவைத் தாண்டாது. அந்தத் தேதிக்குப் பிறகு பதிவான அதே வண்டிக்கு வருடத்துக்கு முந்நூறு பவுண்டு போலக் கூடுதல். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரு வாரம் தள்ளிப் பதிவானதால் மட்டும் இந்த வித்தியாசம். விளம்பரத்தில் பதிவு தேதி இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பழைய பதிவு என்றால் வரி லாபம், ஆனால் லண்டனில் இருப்பவர்களுக்கு அதுவே பொறியாகவும் ஆகலாம். 2023 ஆகஸ்டு 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களும் யூலெஸ் எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் வந்துவிட்டன, யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்துக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. 2006-க்கு முந்தைய வண்டிகளில் சில தேறும், சில தேறாது. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ வீடு வைத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்ஷூரன்ஸில் இது 50-வது குழு. அதற்கு மேலே குழுவே கிடையாது. வீட்டு வாசலில் தெருவில்தான் நிறுத்துவேன் என்றால் பல நிறுவனங்கள் டிராக்கர் (வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி) கேட்கும், சில மறுத்தேவிடும். வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே உங்கள் முகவரியைக் கொடுத்து விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயருக்கு ஆயிரம் பவுண்டு போல வைத்துக்கொள்ளலாம், 2,400 கிலோ எடையைச் சுமக்கிற டயர் சீக்கிரம் தேயும்.

இதெல்லாம் போக, பழுது பார்க்க என்று தனியாக ஒரு தொகை. முதல் வருடத்துக்கு ஐயாயிரம் பவுண்டைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாது என்றால் இந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம். கையிலிருக்கிற எல்லாவற்றையும் போட்டு வாங்கிவிட்டு, முதல் பழுதிலேயே கையைக் கடித்து, ஓட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் மழையில் நிறுத்தி வைத்திருப்பவர்களின் வண்டிகள்தான் விளம்பரங்களில் பாதி.

மூன்றாவது: வீட்டை விட்டுக் கிளம்பாமலே பாதி வண்டிகளைக் கழித்துவிடலாம்

பிரிட்டன் அரசின் தளத்தில் எந்த வண்டியின் எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். வண்டி எண் போதும். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் காட்டியது, எதில் தோற்றது, பரிசோதகர் எதை எச்சரித்தார், எல்லாம் இருக்கும். இதைச் சும்மா மேலோட்டமாகப் பார்க்காமல் கதையாகப் படியுங்கள். 2019-இல் ‘முன் சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருக்கிறது’ என்று எச்சரிக்கை, 2020-இலும் அதே, 2021-இலும் அதே வரி என்றால் உரிமையாளர் அதற்குக் காசு போட மனமில்லாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிகிற புஷ்ஷுக்கே அப்படி என்றால், கண்ணுக்குத் தெரியாத கியர்பாக்ஸ் ஆயிலுக்கு என்ன செய்திருப்பார்? இரண்டு வருடம் எம்ஓடியே இல்லை என்றால் வண்டி எங்கேயோ நின்றிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். மைல் கணக்கு திடீரென்று குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம், அடுத்த வண்டிக்குப் போங்கள். அதே அரசுத் தளத்தில் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

அப்புறம் கொஞ்சம் காசு கொடுத்து நிதி நிலுவைச் சோதனை. கார் மீது கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கழித்துவிட்டதா என்று தெரியும். எஸ் பிரிவு என்றால் சட்டகத்தில் அடிபட்டது, என் பிரிவு என்றால் சட்டகத்தில் அடி இல்லை. 2017-க்கு முன்னால் இவற்றுக்கு சி, டி என்று பெயர். இந்த மாதிரி வண்டியில் நான் இரண்டையுமே தொட மாட்டேன். லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பெயர் இருப்பதாலேயே ஒருவர் சட்டப்படி உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதும் நினைவிருக்கட்டும், அது வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யார் என்பதை மட்டுமே சொல்கிறது.

இனி பில் கட்டு. விற்பவருக்குப் போன் செய்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது இல்லை. “சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் இருக்கிறதா, பில்களும் இருக்கின்றனவா?” என்று கேளுங்கள். முத்திரை என்பது ஆயில் மாற்றியதற்கு மட்டுமே சாட்சி. பில்லில்தான் என்ன பாகம், எத்தனை மணி நேரக் கூலி என்று இருக்கும். நல்ல வண்டி என்றால் ஒரு தடிமனான கோப்பு வரும். அதில் நீங்கள் தேட வேண்டியவை: வேக்யூம் குழாய்கள், கூலன்ட் குழாய்கள், முன் சஸ்பென்ஷன் ஆர்ம்கள், ஏர் ஸ்ப்ரிங், பன்னிரண்டு ஸ்பார்க் பிளக்கும் காயில்களும், பிரேக் டிஸ்க், இரண்டு பேட்டரி, கியர்பாக்ஸ் ஆயில். கடைசியாகச் சொன்னது முக்கியம். ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று பலர் சொல்வார்கள், ஆனால் அந்தக் கியர்பாக்ஸைச் செய்த ஜெட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

குறைந்த மைல் ஓடிய வண்டி என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். இருபது வருடத்தில் 25,000 மைல் மட்டுமே ஓடிய வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் நின்ற இடத்திலேயே வறண்டு போயிருக்கும். 80,000 மைல் ஓடி, ஒவ்வொரு வருடமும் பில் இருக்கிற வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு முதலில் பார்க்கப் போவேன். விலையும் குறைவாகத்தான் இருக்கும்.

நான்காவது: நேரில் பார்க்கும்போது

பகலில் போங்கள், மழை இல்லாத நாளாக இருக்கட்டும், ஈரமான பெயின்ட் எல்லா வண்டியிலும் பளபளக்கும். முதல் நாள் இரவிலிருந்தே ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் கை குலுக்கிவிட்டு நேராக பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். “காலையில் கழுவக் கொண்டுபோனேன்” என்பது எல்லாரும் சொல்கிற பதில்.

அடுத்து, ஸ்டார்ட் செய்யும் முன்னாலேயே நான்கு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். டயருக்கும் மேல் விளிம்புக்கும் நடுவில் உங்கள் விரல்களை நுழைத்து, இடது முன்பக்கம் எத்தனை விரல் போகிறது, வலது முன்பக்கம் எத்தனை என்று ஒப்பிடுங்கள். இந்த வண்டி நிற்பது காற்றுப் பைகளின் மேல். ஒரு மூலை மட்டும் தாழ்ந்து கிடந்தால் அந்தப் பையில் இரவெல்லாம் காற்று கசிந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் அதை மெல்லத் தூக்கிவிடும், அப்புறம் யாருக்கும் தெரியாது. கசிவை ஈடுகட்டி ஈடுகட்டியே கம்ப்ரஸரும் போய்விடும், ஆக இரண்டு செலவு.

இப்போது உள்ளே. பயணி பக்கக் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்து மிதியடியைத் தூக்கிவிட்டு, கம்பளத்தின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். மேலே காய்ந்திருக்கும், அழுத்தினால்தான் அடியிலுள்ள பஞ்சிலிருந்து ஈரம் ஏறிவரும். முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகளில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, கம்பளத்துக்கு அடியில் இருக்கிற எலக்ட்ரானிக் பெட்டிகளை நனைக்கும். கதவு பூட்டாது, கண்ணாடி இறங்காது, டாஷ்போர்டில் தொடர்பே இல்லாத எச்சரிக்கைகள் வரும். ஒரு கைப்பிடி இலையால் வரும் பில் ஆயிரங்களில் போகும். ஈரம் இருந்தால், புளித்த துணி வாசம் அடித்தால், அல்லது வண்டிக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால்கூட, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சாவியைப் போட்டதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் முதல் சில நொடி உரத்த உறுமல் வரும், அது இயல்பு. பிறகு அமைதியாகிவிட வேண்டும். சீரில்லாமல் துடித்தாலோ, எங்கோ உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டாலோ வேக்யூம் கசிவாக இருக்கலாம்.

இந்த வேக்யூம் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காரின் பணக் கணக்கே இதில்தான் இருக்கிறது. டபிள்யூ12 என்பது, குறுகலான இரண்டு ஆறு சிலிண்டர் இன்ஜின்களை 72 டிகிரி கோணத்தில் இணைத்தது. அதனால் பன்னிரண்டு சிலிண்டர் இருந்தும் நீளம் மிகக் குறைவு. நீளம் குறைவு என்பது வடிவமைப்பாளருக்கு வரம், மெக்கானிக்குக்குச் சாபம். பானெட்டைத் திறந்து பாருங்கள், விரல் நுழைய இடம் இருக்காது. இன்ஜினுக்குப் பின்பக்கம், சுவரை ஒட்டி, சூட்டில் வேகும் இடத்தில் ரப்பர் குழாய்கள் ஓடுகின்றன. வருடக்கணக்கில் வெந்து, முறுகி, விரிசல் விடும். குழாயின் விலை அற்பம். ஆனால் அதை அடைவதற்கு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மொத்தமாகக் கீழே இறக்க வேண்டியிருக்கும், அது நாள்கணக்கில் ஓடுகிற கூலி. டர்போவுக்கும், பின்பக்கக் கூலன்ட் குழாய்களுக்கும் இதே கதைதான். அதனால்தான் விவரமறிந்த உரிமையாளர் ஒருமுறை இன்ஜினை இறக்கும்போதே எல்லா ரப்பரையும் மொத்தமாக மாற்றிவிடுவார். ‘இன்ஜின் இறக்கி வேலை பார்த்தது’ என்று ஒரு பெரிய பில் கோப்பில் இருந்தால் சிலர் பயந்து ஒதுங்குகிறார்கள். நான் அதைப் பார்த்தால் விற்பவருக்கு ஐந்நூறு பவுண்டு கூடவே கொடுப்பேன்.

ஓட்டிப் பார்க்க குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். மேடுபள்ளத்தில் முன்பக்கம் கடகடவென்றால் ஆர்ம் புஷ்கள் தேய்ந்திருக்கின்றன, இந்த எடைக்கு அது சகஜம், பேரம் பேச ஒரு காரணம். கியர் மாறும்போது இடித்தாலோ, நழுவினாலோ அது பேரத்தில் தீராது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா பாருங்கள். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 405 மில்லிமீட்டர் விட்டம், பல சின்னக் கார்களின் சக்கரமே அந்த அளவுதான் இருக்கும். ஸ்பீட் மாடலில் கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் அதன் நிலையை நிபுணரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள், மாற்ற வேண்டி வந்தால் வண்டி விலையில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். திரும்பி வந்து நிறுத்தியதும் உடனே இறங்காமல், இருக்கை மோட்டார், நான்கு கண்ணாடி, சைட் மிரர், ஏசி, பின் ஸ்பாய்லர், டிக்கி எல்லாவற்றையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஜிடிசி என்றால் கூரையை இரண்டு முறை திறந்து மூடச் சொல்லுங்கள், ஒருமுறை போதாது.

ஐந்தாவது: நிபுணர் பார்க்காமல் காசு கைமாறக் கூடாது

இதுவரை சொன்னதெல்லாம் வண்டியைக் கழிப்பதற்கு. வாங்குவதற்கு முன் பென்ட்லி மட்டுமே பார்க்கிற தனி ஒர்க்‌ஷாப் ஒன்றில் சில நூறு பவுண்டு கொடுத்து வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரின் நண்பருடைய ஒர்க்‌ஷாப் வேண்டாம், நீங்கள் தேர்ந்தெடுத்த இடமாக இருக்கட்டும். சரியான ஸ்கேனரைப் போட்டு எல்லா எலக்ட்ரானிக் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும் கோளாறுகளை எடுக்கச் சொல்லுங்கள். நேற்றைக்குத்தான் எல்லாம் அழிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் அதுவே ஒரு கோளாறுதான். விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நிபுணர் தரும் பட்டியல்தான் உங்கள் பேரத்துக்கு ஆதாரம், ‘கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்’ என்பதைவிட ‘முன் ஆர்ம்களுக்கு இவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்’ என்பது நன்றாக வேலை செய்யும்.

யாரிடம் வாங்குவது என்பதும் கணக்கில் சேர வேண்டும். டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்தது என்று கருதப்படும். தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை, அவர் பொய் சொன்னார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இன்னொன்று: வண்டி விலை 30,000 பவுண்டுக்குள் இருந்து, முன்பணத்தில் ஒரு சிறு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டினால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவுப்படி கார்டு நிறுவனமும் டீலரோடு சேர்ந்து முழு விலைக்கும் பொறுப்பு. டீலர் கடையைப் பூட்டிக்கொண்டு போனால் இது கை கொடுக்கும். டெபிட் கார்டுக்கு இது கிடையாது.

சிலர் மனசில், இங்கே மலிவாக வாங்கி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் ஓடும். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய அனுமதி இல்லை, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியாக: வாங்கின முதல் வாரம்

பிரிட்டனில் சாலை வரி வண்டியோடு கைமாறாது. பழைய உரிமையாளர் கட்டியது அவருக்குத் திரும்பிப் போய்விடும், அதனால் வண்டியை நகர்த்தும் முன்பே, லாக்புக்கிலிருந்து கிழித்துத் தரும் பச்சைச் சீட்டிலுள்ள எண்ணை வைத்து உங்கள் பெயரில் வரி கட்டுங்கள், இன்ஷூரன்ஸும் அப்போதே தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், இலையுதிர் காலம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை. உதிரி பாகம் எதுவும் வாங்கும் முன் அதன் எண்ணைப் பாருங்கள். ஃபேட்டனோடும் ஆடி ஏ8-ஓடும் பொதுவான பாகங்கள் நிறைய உண்டு, ஒரே பொருள் பென்ட்லி பெட்டியில் ஒரு விலை, ஃபோக்ஸ்வேகன் பெட்டியில் வேறு விலை. உங்கள் ஒர்க்‌ஷாப்காரருக்கு எது பொருந்தும் என்று தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வார்.

டிக்கியில் இரண்டு பேட்டரி இருக்கின்றன, ஒன்று ஸ்டார்ட் செய்ய, மற்றது மின்சாதனங்களுக்கு. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் இரண்டாவது பேட்டரி மெல்ல இறங்கி, ஒன்றுமே இல்லாததற்கெல்லாம் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். நல்ல பராமரிப்பு சார்ஜர் ஒன்று நூறு பவுண்டுக்குள் கிடைக்கும். வண்டி நிற்கும் போதெல்லாம் அதை மாட்டி வையுங்கள், ஒர்க்‌ஷாப்புக்குப் போவதாக நினைத்திருந்த இரண்டு மூன்று ‘கோளாறுகள்’ அதிலேயே காணாமல் போகும்.